மாவட்டக் கணக்கில் மறைந்துபோகும் கொழும்பு நகரம்

கொழும்பில் தமிழர் எத்தனை வீதம் என்ற கேள்விக்கு அரசாங்கப் புள்ளிவிபரங்களிலேயே இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்பது பேரில் ஒருவர் என்பது ஒன்று. பத்துப் பேரில் மூவர் என்பது மற்றொன்று. இரண்டும் சரியானவை. முதலாவது கொழும்பு மாவட்டத்துக்குரியது. இரண்டாவது கொழும்பு மாநகர சபை எல்லைக்குரியது. மேடையிலும் பத்திரிகையிலும் 'கொழும்பு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பேசுபவருக்கு வசதியான விடையை எடுத்துக்கொள்ளும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. அதனால் பாதிக்கப்படுவது நகரத்துக்குள் வாழும் தமிழ் பேசும் மக்கள்தான். ஆகவே இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லைகள். கொழும்பு மாவட்டம் ஏறத்தாழ 700 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. கடலோரத்தில் மொரட்டுவை தொடங்கிக் கிழக்கே ஹன்வெல்லை, பாதுக்கை வரை வயலும் இறப்பரும் தென்னையும் நிறைந்த ஊர்களையும் சேர்த்து 13 பிரதேச செயலகப் பிரிவுகள் அதில் அடங்குகின்றன. மாநகர சபையின் பரப்போ சுமார் 37 சதுர கிலோமீற்றர்தான். அது இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளாக நிர்வகிக்கப்படுகிறது: வடக்கிலும் நடுவிலும் கொழும்புப் பிரிவு, தெற்கிலும் கிழக்கிலும் திம்பிரிகஸ்யாயப் பிரிவு. மாவட்டப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு அளவான இந்தத் துண்டில், 2012 தொகைமதிப்பின்படி 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை அப்போது சுமார் 23 இலட்சம். அதாவது மாவட்டத்தில் நான்கில் ஒருவர் நகரவாசி.

இனவாரியாகப் பார்த்தால் மாவட்டம் நாட்டின் சாயலிலேயே இருக்கிறது. 2012இல் நாடு முழுவதிலும் சிங்களவர் 75 வீதத்தை ஒட்டி இருந்தார்கள். கொழும்பு மாவட்டத்திலும் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் கூட்டினால் மாவட்டத்தில் சுமார் 11 வீதம். முஸ்லிம்களும் கிட்டத்தட்ட அதே அளவு. இதைப் பார்ப்பவர், தலைநகரம் நாட்டின் சிறு பிரதி என்று எண்ணிக்கொண்டு அடுத்த அட்டவணைக்குப் போய்விடுவார்.

நகரத்துக்குள் நுழைந்தால் அந்தச் சாயல் இல்லை. 2001 தொகைமதிப்பு மாநகர எல்லைக்குள் 6 இலட்சத்து 42 ஆயிரத்து 163 பேரை எண்ணியது. சிங்களவர் 2,65,657 பேர். 41 வீதத்துக்குச் சற்று மேல். இலங்கைத் தமிழர் 1,85,672 பேர்; 29 வீதத்தை ஒட்டியது. முஸ்லிம்களில் பெரும்பாலோரைக் குறிக்கும் இலங்கைச் சோனகர் 1,53,299 பேர். 24 வீதத்தை ஒட்டியது. இந்தியத் தமிழர் என்று பதிவானோர் 13,968 பேர். மலாயர் 11,149 பேர், பறங்கியர் 5,273 பேர். செட்டிகள் 740, பரதர் 471 என்று மிகச் சிறிய சமூகங்களும் தனித்தனி நிரலில் வருகின்றன. எந்த இனமும் பாதியைத் தொடவில்லை. 2012இலும் இந்த நிலை மாறவில்லை.

இதே அட்டவணையில் இன்னொரு கூட்டலைச் செய்து பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர் என்ற மூன்று நிரல்களையும் சேர்த்தால் 3,52,939 பேர் வருகிறார்கள். நகரத்தின் சனத்தொகையில் அது 55 வீதம். இந்த மூன்று சமூகங்களிலும் வீட்டுமொழி பெரும்பாலும் தமிழ். ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ மாறிய குடும்பங்கள் மூன்றிலும் உண்டு. அவற்றைக் கழித்தாலும் தலைநகரின் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழ் பேசும் வீடுகளில் இருந்து வருகிறார்கள். இந்த எண் எந்த அட்டவணையிலும் நேரடியாக அச்சாவதில்லை, ஏனென்றால் அட்டவணை இனத்தை எண்ணுகிறது. மாநகரத்தின் பெயர்ப்பலகைகள், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதும் மொழி, ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டை விளக்கும் மொழி ஆகியவற்றுக்கு வேண்டியது இந்தக் கூட்டுத்தொகைதான்.

நகரத்தையும் ஒரே பரப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. வடக்கே முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டால், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை என்று துறைமுகத்தை ஒட்டி நீளும் பகுதி துறைமுகத் தொழிலாளரும் செட்டியார் தெருக் கடைகளில் வேலை செய்வோரும் தலைமுறைகளாக வாழும் தமிழ்ப் பகுதி. இந்துக் கோயிலும் கத்தோலிக்கத் தேவாலயமும் ஒரே வீதியில் இருப்பது அங்கே வழமை. அதற்குத் தெற்கே புதுக்கடை, வாழைத்தோட்டம், மருதானை, மாளிகாவத்தை, தெமட்டகொடை என்று முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகள். கொம்பனித்தெருவில் மலாயர் குடும்பங்கள். பொரளை, வனாத்தமுல்லை, நாரஹேன்பிட்டிப் பக்கம் சிங்களவர் அதிகம்; கறுவாத்தோட்டத்தில் எல்லா இனங்களின் வசதி படைத்தவர்களும் இருக்கிறார்கள். தெற்கே பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும், மாநகர எல்லையைத் தாண்டினால் தெஹிவளையும் நடுத்தர வர்க்கத் தமிழரின் வட்டாரம். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வந்தவர்கள், யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த தொடர்மாடி வீடுகளில் தனியாக இருக்கும் பெற்றோர்கள் ஆகியோர் அங்கே வாழ்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைத் தமிழரும் வெள்ளவத்தைத் தமிழரும் ஒரே நிரலில்தான் எண்ணப்படுகிறார்கள். கொட்டாஞ்சேனையின் ஒரு தோட்டத்தில் (நெருக்கமான சிறு வீடுகள் நிறைந்த குடியிருப்பைக் கொழும்பில் இப்படி அழைப்பார்கள்) ஒரே வீட்டு இலக்கத்துக்குக் குறுக்குக் கோடு போட்டு 1, 2, 3 என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் இருக்கும். பொதுக் குழாயடியில் காலையில் வரிசை நிற்கும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் எட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் காவலாளி உட்கார்ந்திருப்பார். பல கதவுகள் பூட்டியிருக்கும், உரிமையாளர் இலண்டனிலோ டொரொன்டோவிலோ இருப்பார். முதலாவது இடத்தில் ஒரு கதவைத் தட்டினால் மூன்று குடும்பங்கள் கிடைக்கும். இரண்டாவது இடத்தில் மூன்று கதவுகளைத் தட்டினால் ஒரு குடும்பம் கிடைக்கலாம். தொகைமதிப்பாளருக்கு இரண்டும் சிரமமான இடங்கள். தமிழர் தொகை கூடியது, குறைந்தது என்று பேசுவோர், எந்த வட்டாரத்தில் கூடியது, எந்த வர்க்கத்தில் குறைந்தது என்று சேர்த்துக் கேட்பதே இல்லை. அதைச் சொல்லக்கூடிய மிகச் சிறிய அலகு கிராம உத்தியோகத்தர் பிரிவு. 2012இன் இனவாரி அட்டவணைகள் அந்த மட்டம் வரை வெளியாகியிருக்கின்றன. நகரத்தைப் பற்றிப் பேச விரும்பும் எவரும் முதலில் திறக்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான்.

எல்லைக்கு அடுத்தபடியாக எண்ணை மாற்றுவது, நாம் எந்தப் பெயரின் கீழ் எழுதப்படுகிறோம் என்பது. இந்தப் பெயர்கள் இயற்கையாக முளைத்தவை அல்ல. இலங்கையின் முதலாவது தொகைமதிப்பு 1871இல் நடந்தபோது இனங்களும் தேசியங்களுமாக மிக நீண்ட பட்டியல் இருந்தது. 1881இல் அதை ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ஏனையோர் என்று ஏழாகச் சுருக்கினார்கள். 1901 தொகைமதிப்பை நடத்தியவர் கொழும்பில் பிறந்த தமிழரான பொன்னம்பலம் அருணாசலம். அந்தக் காலத்தில் சிங்களவரே கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று இரண்டாக எண்ணப்பட்டார்கள். 1971 வரை அந்தப் பிரிவு நீடித்தது. 1981இல் அவர்கள் ஒரே நிரலுக்கு வந்துவிட்டார்கள். தமிழரோ 1911இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரிக்கப்பட்டவர்கள். இன்றும் பிரிந்தே எண்ணப்படுகிறார்கள்.

அந்தப் பிரிவுக்கு 1948க்குப் பிறகு வேறொரு கனம் ஏறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்ட மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும் என்று. நாடற்ற நிலையின் கடைசி மிச்சங்களைத் தீர்க்க 2003இல் தனியாக ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 'இந்திய' என்ற அடைமொழி உரிமையைப் பறிக்கும் என்று ஐம்பது ஆண்டுகளாகக் கண்ட சமூகம், வாய்ப்புக் கிடைத்தபோது 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

கொழும்பின் எண்களில் இது தெளிவாகத் தெரிகிறது. 2001இல் மாநகரத்தில் இந்தியத் தமிழர் 2 வீதம்தான். ஹற்றன், பதுளை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வந்து கொழும்பின் ஹோட்டல்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்வோரையும், இந்தியாவிலிருந்து துறைமுக வேலைக்கு வந்து வட கொழும்பில் நிலைத்துவிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளையும் பார்த்தவர்கள், அந்தச் சிறிய எண்ணுக்குள் அவர்கள் எல்லோரும் அடங்கமாட்டார்கள் என்பதை அறிவார்கள். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டனாரின் பத்திரத்தில் இந்தியத் தமிழர். மகனின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் என்ற இடத்தில் அதுவே எழுதப்பட்டிருக்கும். மகன் தன் பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது இலங்கைத் தமிழர் என்று எழுதச் சொல்லியிருப்பார். ஒரே குசினியில் சாப்பிடும் மூன்று தலைமுறையில் இரண்டு இனம். பொய் சொன்னவர் எவரும் இல்லை.

2024 தொகைமதிப்பில் இந்த நிரலுக்கு மலையகத் தமிழர் என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. அச்சமூகம் பல காலம் போராடிக் கேட்ட பெயர் அது. ஆனாலும் நாட்டளவில் அவர்களின் பங்கு 2012இல் 4 வீதத்துக்குச் சற்று மேல் இருந்து 2.8 வீதத்துக்கு இறங்கியது. அதே வேளையில் இலங்கைத் தமிழரின் பங்கு 11 வீத அளவிலிருந்து 12.3 வீதமாக ஏறியது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு சமூகம் பிறப்பு இறப்பால் மட்டும் இப்படிச் சுருங்காது. பெருமளவில் இது நிரல் மாறிய கணக்கு என்றே நான் கருதுகிறேன். இதை 'மலையகத் தமிழர் அழிகிறார்கள்' என்றோ 'வடக்கின் தமிழர் பெருகுகிறார்கள்' என்றோ படிப்பது தவறு. அப்படிப் படிப்பவர்கள் இரண்டு சமூகங்களுக்கும் தீங்கு செய்கிறார்கள்.

எண்ணப்படுவதற்கே அஞ்சிய காலங்கள் கொழும்புத் தமிழருக்கு உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் புள்ளிவிபரங்களை விளக்க முடியாது. 1983 ஜூலையில் கொழும்பின் வீதிகளில் இறங்கிய கும்பல்கள் வாக்காளர் இடாப்பின் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போயின. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று அரசாங்கம் எழுதிவைத்த ஏடு, எரிப்பதற்கு வழிகாட்டியாயிற்று. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. இரவில் சோதனைக்கு வருபவர்களிடம் காட்டுவதற்காக அந்தப் படிவத்தின் பிரதியை வாசலுக்குக் கிட்டவே வைத்திருந்த வீடுகள் ஏராளம். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரை எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கானோர் அவ்வாறு வெளியேற்றப்பட்ட பிறகு, மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008இல், வடக்கிலிருந்து கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் தனியாகப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இவற்றைக் கடந்து வந்தவர், படிவத்தோடு வாசலில் நிற்கும் அதிகாரியிடம் வீட்டில் இருக்கும் எல்லோரையும் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? தங்கியிருக்கும் மருமகனைச் சொல்லாமல் விடுவார். லொட்ஜில் இருப்பவர் ஊர் விலாசத்தைக் கொடுப்பார். தொகைமதிப்பில் சேகரிக்கும் தனிநபர் விபரம் இரகசியமாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை வீட்டுக்காரருக்கு அவருடைய மொழியிலேயே விளக்கிச் சொல்வது அதிகாரியின் கடமை. தமிழ்ப் பகுதிக்குத் தமிழ் தெரிந்த தொகைமதிப்பாளரை அனுப்புவது சலுகையாகக் கருதப்படக் கூடாது. எண் சரியாக இருக்க வேண்டுமானால் அது வேண்டியே தீரும்.

நாட்டின் மொத்தத் தொகையிலும் ஓர் இடைவெளி இருந்தது. 1981க்குப் பிறகு இருபது ஆண்டுகள் தொகைமதிப்பே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ண முடிந்தது. ஆகவே 1981இலிருந்து 2012 வரை இலங்கையில் தமிழர் எத்தனை பேர் என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அந்த இருளில்தான் கொழும்பு தமிழரால் நிரம்பி வழிகிறது என்ற பேச்சும் வளர்ந்தது.

வாக்காளர் இடாப்பைச் சனத்தொகைக் கணக்காக எடுத்துக்கொள்வோரும் இருக்கிறார்கள். கொழும்பில் அது பொருந்தாது. பத்து, பதினைந்து ஆண்டுகளாகக் கொழும்பில் வேலை செய்தும், வாக்கை யாழ்ப்பாணத்திலோ நுவரெலியாவிலோ வைத்திருப்போர் தமிழரிடையே மிக அதிகம். ஊரோடு உள்ள உறவு அதில் தங்கியிருக்கிறது என்ற நினைப்பு ஒரு காரணம். பழைய அச்சம் இன்னொரு காரணம். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும் வயது வந்ததும்தான் பலருக்கு இதன் விலை தெரிகிறது. பாடசாலை அனுமதிக்குப் பெற்றோரின் பெயர் கடந்த ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்தப் பகுதி இடாப்பில் இருப்பது புள்ளிகளைத் தீர்மானிக்கிறது. பாடசாலைக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருந்தும் காகிதத்தில் அங்கே இல்லாத பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் நிராகரிக்கப்படுகிறார்கள்.

எண் எங்கே அதிகாரமாக மாறுகிறது என்பதற்கு மொழியே மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, ஒரு பிரதேச நிர்வாக அலகில் சிறுபான்மை மொழியினர் வகிக்கும் விகிதத்தைக் கருத்திற்கொண்டு, அங்கே சிங்களமும் தமிழும் ஆகிய இரண்டையும் நிர்வாக மொழிகளாக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த அலகு பிரதேச செயலகப் பிரிவு. கொழும்பும் திம்பிரிகஸ்யாயவும் அவ்வாறு இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. மாவட்டத்தை அலகாக எடுத்திருந்தால் நகரத்தின் விகிதம் ஹோமாகமவிலும் கெஸ்பேவவிலும் கரைந்துபோயிருக்கும். கொழும்புப் பிரிவில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் தெளிவான பெரும்பான்மை. ஆகவே அந்தக் கந்தோரில் தமிழில் ஒரு கடிதத்துக்குப் பதில் கேட்பவர் சட்டப்படி தமக்குரியதைத்தான் கேட்கிறார்.

தேர்தலில் நடந்தது இதற்கு மறுபக்கம். சுதந்திரத்தை ஒட்டி நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியலமைப்பு, கலப்பு மக்கள் வாழும் இடங்களுக்குப் பல அங்கத்தவர் தொகுதி முறையைக் கொண்டுவந்தது. மத்திய கொழும்பு மூன்று அங்கத்தவர் தொகுதியாயிற்று. 1947இல் அங்கிருந்து பாராளுமன்றம் போனவர்கள் பறங்கியரான பீற்றர் கெனமன், சிங்களவரான ஏ. ஈ. குணசிங்க, மலாயரான ரி. பி. ஜாயா. மூன்று ஆசனம், மூன்று சமூகம்; தமிழர் ஒருவரும் அதில் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதுமே ஒரு தேர்தல் மாவட்டமாகிவிட்டது. கொட்டாஞ்சேனையின் வாக்கு இப்போது 700 சதுர கிலோமீற்றருக்குள் தன் இடத்தைத் தேட வேண்டும். ஆனால் மாநகர சபைத் தேர்தலில் எல்லை சுருங்குவதால் அதே வாக்கின் பலம் கூடுகிறது. இந்த நகரத்தின் முதலாவது மேயராக 1937இல் தெரிவானவர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்வது நல்லது.

இப்போது நகரம் காலியாகிக்கொண்டிருக்கிறது. 1871இல் ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்து நூறாண்டுக்கும் மேலாக ஏறிக்கொண்டே வந்த மாநகரச் சனத்தொகை, 2001க்கும் 2012க்கும் இடையில் இறங்கியது. வீடுகள் காரியாலயங்களாயின. காணி விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் நகர அபிவிருத்தித் திட்டங்களின் கீழ் உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. வட கொழும்புத் தமிழரில் வசதி வந்தவர்கள் களனி ஆற்றைத் தாண்டி வத்தளை, ஹேகித்தை, ஹெந்தளைப் பக்கம் போய்விட்டார்கள். பாலத்தைக் கடந்ததும் அவர்கள் கம்பஹா மாவட்டத்துக் கணக்கில் சேர்கிறார்கள். வேலை புறக்கோட்டையில், கோயில் கொட்டாஞ்சேனையில், பிள்ளையின் பாடசாலை கொழும்பில். ஆனால் எண்ணப்படுவது தமிழர் சில வீதமே இருக்கும் மாவட்டத்தில். 2024 டிசம்பர் 19ஐ அடிப்படையாகக் கொண்ட தொகைமதிப்பில் நாட்டின் மிகப் பெரிய சனத்தொகையுள்ள மாவட்டமாகக் கம்பஹா கொழும்பை முந்தியதற்குப் பின்னால் இப்படியான இடப்பெயர்வும் இருக்கிறது.

ஆகவே 2024இன் இனவாரி எண்களைப் படிக்கும்போது கொழும்பு மாவட்டத்தின் வரியோடு நின்றுவிடாமல், கொழும்பு, திம்பிரிகஸ்யாய, தெஹிவளை, வத்தளை ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று நிரல்களைக் கூட்ட வேண்டும். பிறகு கிராம உத்தியோகத்தர் பிரிவுகளுக்கு இறங்கி, முதலாம் தரத்துக்கு வரும் வயதுப் பிள்ளைகள் எங்கே கூடியிருக்கிறார்கள், தமிழ்மொழி மூலப் பாடசாலை எங்கே இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். நகரத்துக்குள் பழைய பாடசாலைகள் இருக்கின்றன; ஆற்றுக்கு அப்பால் பிள்ளைகள் வளர்கிறார்கள். வத்தளையில் தமிழ்மொழி மூல வகுப்பறைகள் எத்தனை தேவை என்பதை அந்த ஒப்பீட்டிலிருந்து கணக்கிட்டு மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் கேட்கலாம்.